அடி விடாத பெட்டி

கடலூர் முதுநகரில் ஜெயராணி செய்கிற சவப்பெட்டியில் முதலில் ஏறி நிற்பது ஜெயராணிதான். செருப்பைக் கழற்றி ஓரமாக வைப்பாள். கொசுவத்தைத் தூக்கி இடுப்பில் செருகுவாள். உள்ளே கால் வைத்து, தலைமாட்டில் ஒரு குதி, நடுவில் ஒரு குதி, கால்மாட்டில் ஒரு குதி. அவளும் ஒன்றும் பூஞ்சை உடம்பு இல்லை. அடிப்பலகை லேசாக முனகினால் போதும், அந்தப் பெட்டி அன்றைக்குக் கடையை விட்டு இறங்காது.

உயிரோடு இருக்கிறவள் சவப்பெட்டியில் ஏறி நிற்கலாமா, பயமே கிடையாதா என்று கேட்கிறவர்கள் உண்டு. நிற்பதற்கும் படுப்பதற்கும் வித்தியாசம் தெரியாதவர்களுக்கு அவள் பதில் சொல்வதில்லை.

இந்தப் பழக்கம் சும்மா வரவில்லை. அவள் பிறந்த ஊர் மங்கலம்பேட்டை. அப்பா மரவாடியில் பலகை சுமந்தவர். ஆயுசு முழுக்க மரத்தோடு கிடந்த அந்த மனுஷனுக்கு வாய்த்த பெட்டியைப் பாருங்கள், ஈர மாம்பலகையில் நாலு ஆணியை அடித்து யாரோ அவசரத்துக்குச் செய்து கொடுத்தது. மாதா கோயில் வாசலில் தூக்கும்போது அடிப்பலகை பெயர்ந்து, அடி விட்டுவிட்டது. மழை வேறு பெய்துகொண்டிருந்தது. நாலு பேர் குனிந்து அவரை எடுத்து, பலகையைச் செருகி, கயிறு போட்டுக் கட்டிக் கொண்டுபோனார்கள். ஜெயராணி அப்போது கல்யாணம் ஆகாத பெண். அப்பா செத்ததைக்கூட அவள் ஒருவிதமாகத் தாங்கிக்கொண்டாள், அதைத் தாங்கவில்லை.

அடுத்த வருஷம் முதுநகரிலிருந்து தைரியநாதன் வீட்டுச் சம்பந்தம் வந்தது. சவப்பெட்டிக் கடைக்காரன் என்றதும் அம்மா முகம் சுளித்தாள். "நான் போறேம்மா. அங்க போனா அடிப்பலகய நானே பாத்துக்குவேன்" என்றாள் ஜெயராணி. கல்யாணத்துக்கு இப்படியும் ஒரு காரணமா என்று ஊரே சிரித்தது. சிரிக்கட்டும். வந்த முதல் மாசமே ஆணியைத் தூக்கிப் போட்டுவிட்டு ஸ்குரூவுக்கு மாற்றினாள். அடியில் ஒரு குறுக்குச் சட்டம் இருந்த இடத்தில் மூன்று வைத்தாள். மாமனார் முணுமுணுத்தார், பிறகு முணுமுணுப்பை நிறுத்திக்கொண்டார். அன்றிலிருந்து அவள் கடைப் பெட்டி ஒன்றுகூட அடி விட்டதில்லை. வெளியே போகிற ஒவ்வொரு பெட்டிக்கும் கல்லறைத் தோட்டத்து கேட் வரை போவாள். பெட்டி கேட்டைத் தாண்டியதும் சிலுவை போட்டுவிட்டுத் திரும்பிவிடுவாள்.

தைரியநாதன் நல்ல மனுஷன். சாட்டின் துணி தைப்பது, லேஸ் ஒட்டுவது, பெயிண்ட் அடிப்பது, வேன் ஓட்டுவது எல்லாம் அவன் பாடு. அவனுக்கு இரண்டே பைத்தியம். ஒன்று டிவியில் வருகிற சிரிப்பு நாடகம். இன்னொன்று விளம்பரம். கால்மாட்டு அடிப்பலகையின் கீழ்ப்பக்கத்தில் 'தைரியம் சவப்பெட்டிக் கடை, முதுநகர்' என்று சிவப்பில் எழுதி, போன் நம்பரும் போட்டுவிடுவான். பெட்டியைத் தூக்கினால் பின்னால் வருகிறவன் கண்ணில் படுமாம்.

"பின்னாடி அழுதுக்கிட்டு வர்றவன் உன் நம்பரயா மாமா படிப்பான்?" என்று ஜெயராணி கேட்டதற்கு, "இன்னிக்கு அழுவான், என்னிக்காவது தேவப்படும்ல ராணி" என்றான். அவனோடு பேசி ஜெயித்தவர் கிடையாது.

அந்தக் கடைக்குத்தான் ஒருநாள் அன்பரசு வந்தான். அண்ணாமலை நகரில் படித்துவிட்டு, சிதம்பரத்து லோக்கல் கேபிள் சேனலுக்கு வாராவாரம் சிரிப்பு நாடகம் எடுக்கிறவன். 'பெரியவர் போயிட்டார்' என்று நாடகத்துக்குப் பெயர். வீட்டுப் பெரியவர் வாரம் ஒரு காரணத்துக்காகச் செத்ததுபோல் நடிப்பார், யார் அழுகிறார்கள் யார் பீரோ சாவியைத் தேடுகிறார்கள் என்று பார்த்துவிட்டு எழுந்து காப்பி கேட்பார். கதை அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கறிக்குழம்போடு அதைப் பார்க்காத வீடு கடலூரில் குறைவு. தைரியநாதனுக்கு அன்பரசைப் பார்த்ததும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"ஒரு பொட்டி வாடகைக்கு வேணும்க்கா. ரெண்டு நாள் ஷூட்டிங். பத்தரமா கொண்டாந்து குடுத்துர்றோம்" என்றான் அன்பரசு.

"வாடகைக்கு சைக்கிள் கேளு, ஷாமியானா கேளு. எங்க கடைல போன பொட்டி திரும்பி வராது. வரவும் கூடாது."

அது அந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் விடாமல் வைத்திருக்கிற கட்டுப்பாடு. வெறும் பெட்டி கடைப்படி திரும்ப ஏறினால் அது ஆளைத் தேடும் என்பார்கள். அளவு தப்பிப்போனால்கூட சாவு வீட்டுக்கே உளியும் ரம்பமும் எடுத்துக்கொண்டு போய்ச் சரிசெய்வார்களே ஒழிய, கடைக்குத் திருப்பமாட்டார்கள். அன்பரசு தலையைச் சொறிந்துவிட்டு விலைக்கே எடுத்துக்கொண்டான்.

"உங்க பெரியவரு இந்துதான தம்பி, அவருக்கு எதுக்குப் பொட்டி?" என்றாள் ஜெயராணி.

"பாடையில படுத்தா மூஞ்சி தெரியும்க்கா. மூடி இருந்தாத்தான் உள்ள ஆள மாத்தலாம், தும்ம வெக்கலாம், ஒளிச்சு வெக்கலாம். பழைய டிவி காமெடி எதுல வேணா பாருங்க, பொட்டி வந்துச்சுன்னா அந்த வாரம் தப்பிச்சுரும்."

"ஆமாமா" என்று தைரியநாதன் ஆரம்பித்துவிட்டான். வீடு மாறிப்போன பெட்டி, தன் இரங்கல் கூட்டத்துக்குத் தானே போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்த ஆள், மாலையில் இருந்த பூ மூக்கில் ஏறித் தும்மிய பிணம் என்று தூர்தர்ஷன் காலத்திலிருந்து வரிசையாக எடுத்துவிட்டான். ஜெயராணியும் சிரித்தாள். அவள் ஒன்றும் சிடுமூஞ்சி இல்லை. சாவு வீட்டில் சிரிப்பு வராது என்று நினைக்கிறவன் ஒரு சாவு வீட்டிலும் முழுசாக உட்கார்ந்தவன் இல்லை. கல்யாண வீட்டைவிட அங்கேதான் சிரிப்பு ஜாஸ்தி, அதுவும் அழுது ஓய்ந்த பிறகு வருகிற சிரிப்பு. அது அவளுக்குத் தெரியும்.

வழக்கம்போல ஏறி நின்று மூன்று குதி குதித்துப் பார்த்துத்தான் அந்தப் பெட்டியையும் அனுப்பினாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தைரியநாதன் பக்கத்து வீட்டுக்காரர்களையும் கூப்பிட்டு உட்கார வைத்திருந்தான். பெரியவராக நடிப்பது குமராட்சிப் பக்கம் மினிபஸ் ஓட்டிய பக்கிரி. பெரிய தொப்பை, ஆனால் படுத்துவிட்டால் மூச்சு விடுவதே தெரியாது. கல்யாண வீட்டில் மாப்பிள்ளையாகவும் சாவு வீட்டில் பிணமாகவும் இருக்க ஆசைப்படுகிறவர்கள் உண்டல்லவா, பக்கிரி இரண்டாவது ஆசையைப் பிழைப்பாகவே ஆக்கிக்கொண்டவர். நாடகத்தில் பிள்ளைகள் அவரைப் பெட்டியில் வைத்துத் தூக்கினார்கள். கூடத்தைத் தாண்டவில்லை, அடிப்பலகை பெயர்ந்தது, பெரியவர் பொத்தென்று தரையில் விழுந்தார். பலகை தனியாகப் போய்க் குப்புற விழுந்தது. கேமரா அதைக் கிட்டே போய்க் காட்டியது. 'தைரியம் சவப்பெட்டிக் கடை, முதுநகர்.' போன் நம்பரோடு.

தைரியநாதன் விழுந்து விழுந்து சிரித்தான். பாதிச் சிரிப்பில்தான் அவனுக்கு உறைத்தது. திரும்பிப் பார்த்தான். ஜெயராணி கையில் கரண்டியோடு சமையலறை வாசலில் நின்றிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். அன்றைக்குக் கறிக்குழம்பை யாரும் தொடவில்லை.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான். நம்பர் இருக்கிறதே, சாயங்காலத்துக்குள் போன் வந்து குவிந்தது. "அண்ணே, அடி இல்லாத பொட்டிக்கு வெல கொறைவா?" என்று ஒருவன். ஊர் வாயை மூட உலைமூடி ஏது. ஜெயராணி அதையெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள். ஆனால் அந்த வாரமே ஆரோக்கியம்மாள் இறந்துபோனார்.

ஆரோக்கியம்மாள் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைத்தவர். மகள் வினோதினி நர்ஸ். ஜெயராணி வேம்புப் பலகையில் பார்த்துப் பார்த்துப் பெட்டி செய்து கொடுத்தாள். கோயிலிலிருந்து கல்லறைத் தோட்டத்துக்குத் தூக்கும்போது ஆறு பேரும் ஒரு கையால் கைப்பிடியைப் பிடித்தார்கள், மறு கையைப் பெட்டிக்கு அடியில் கொடுத்தார்கள். யாரும் யாருக்கும் சொல்லவில்லை, ஆறு பேருக்கும் தானாகவே அந்தப் பயம் வந்திருந்தது. அதைப் பார்த்துப் பின்னால் வந்த வாலிபர் கூட்டத்தில் ஒருவன் களுக்கென்று சிரித்தான். சிரிப்பு அடங்காமல் இரண்டு பேருக்குத் தொற்றியது.

கேட்டில் நின்றிருந்த ஜெயராணியின் பக்கம் வினோதினி திரும்பினாள். அழுது வீங்கிய முகம். "எங்கம்மா சவத்துக்குச் சிரிக்க வெச்சுட்டீங்களேக்கா" என்றாள். சத்தம்கூடப் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று ஜெயராணி பிறகு நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் ரம்பம், ஸ்குரூ டப்பா, திருப்புளி, புதுச் சட்டம் மூன்று எல்லாவற்றையும் கோணிப்பையில் போட்டுக்கொண்டு சிதம்பரம் பஸ் ஏறினாள். "நானும் வரட்டா ராணி?" என்ற புருஷனிடம், "நீ வந்தா அங்கயும் சிரிப்ப" என்றுவிட்டாள். ஆலப்பாக்கம் தாண்டும்வரை கோபத்தில் வாய்க்குள்ளேயே திட்டிக்கொண்டு போனாள்.

அண்ணாமலை நகரில் ஒரு பழைய வீட்டை வாடகைக்கு எடுத்து ஷூட்டிங் வைத்திருந்தார்கள். கூடத்து மூலையில் பெட்டி கிடந்தது. நேராகப் போய்ப் பெட்டியைக் கவிழ்த்தாள். மூன்று குறுக்குச் சட்டமும் ரம்பத்தால் அறுக்கப்பட்டிருந்தன. மரத்தூள்கூட இன்னும் ஒட்டியிருந்தது. அவளுக்கு வந்த நிம்மதி அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. அப்புறம்தான் கோபம் இரண்டு மடங்காக வந்தது.

"அறுத்தீங்களா?"

அன்பரசு ஓடிவந்தான். பக்கத்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பக்கிரி. பதில் சொன்னது பக்கிரிதான். "வேற என்னாம்மா பண்றது. நான் ஏறிக் குதிச்சேன், விழல. ரெண்டு பேரா குதிச்சோம், விழல. சுத்தியால அடிச்சாங்க, சுத்திப் புடி கழண்டுகிச்சு. அரை நாளு ஷூட்டிங் போச்சு. அப்பறம்தான் ஆசாரிய கூட்டியாந்து அறுத்தாங்க. அறுத்தாத்தான் உங்க பொட்டி விழுதும்மா."

ஜெயராணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பெருமையும் அழுகையும் ஒன்றாக வந்தால் மனுஷிக்கு எந்தப் பக்கம் போவதென்று தெரியாது.

"சாரிக்கா. காமெடிக்குத்தான. தப்பா நெனச்சுக்காதீங்க. பொட்டிய எடுத்துக்கிட்டுப் போயி கடைல வெச்சு சரி பண்ணுங்க, ஆன செலவ நாங்க குடுத்துர்றோம்" என்றான் அன்பரசு.

"போன பொட்டி கடைப்படி ஏறாதுன்னு அன்னிக்கே சொன்னேன். இங்கயே பண்ணுவேன். நகரு."

சொன்னதோடு கோணியை அவிழ்த்து வேலையில் இறங்கினாள். கை ஒரு பக்கம் ஓடியது, வாய் ஒரு பக்கம் ஓடியது. செத்தவங்களுக்கு இருக்கிறதே ஒரே ஒரு சவாரி, அதில் தள்ளிவிட்டுச் சிரிக்கிறீங்களா, உங்க வீட்டுக் கட்டிலை அறுத்துட்டு உங்கப்பாவைப் படுக்க வையுங்களேன், அப்ப சிரிக்கிறேன் என்று போட்டுத் தாளித்தாள். புதுச் சட்டம் மூன்றையும் முடுக்கினாள், செருப்பைக் கழற்றினாள், ஏறி நின்று தலைமாட்டில் ஒன்று, நடுவில் ஒன்று, கால்மாட்டில் ஒன்று என்று குதித்துக் காட்டினாள். இறங்கித் திரும்பினால் கேமராவில் சிவப்பு விளக்கு எரிகிறது. அன்பரசு வைத்த கண் வாங்காமல் அவளையே பார்த்துக்கொண்டு நிற்கிறான்.

"இதயே போட்டுர்றோம்க்கா" என்றான்.

"இது மட்டும் பத்தாது. பொட்டி விழாதுன்னு கதைல காட்டணும்."

"விழலன்னா என்னாக்கா காமெடி?"

"அறுத்து விழ வெச்சு யாரு வேணா சிரிக்க வெப்பான். விழாதத வெச்சு சிரிக்க வெக்க முடியலன்னா நீ என்னா டைரக்டரு?"

பக்கிரி சத்தமாகச் சிரித்தார். அன்பரசு சிரிக்கவில்லை. அவள் அடுத்ததைத் தணிந்த குரலில்தான் சொன்னாள். "எங்கப்பாவுக்கு நெசமாவே விழுந்துச்சு தம்பி. மங்கலம்பேட்டைல, கோயில் வாசல்ல. அன்னிக்கு ஒருத்தரும் சிரிக்கல."

அன்பரசு காப்பி வரவழைத்தான். மூன்று பேரும் அந்தப் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து கதை பண்ணினார்கள்.

அந்தக் கதையைக் கடலூரில் இன்றைக்கும் போனில் போட்டுப் பார்க்கிறார்கள். பெரியவர் உயிலை மடியில் வைத்துக்கொண்டு பெட்டிக்குள் போய்ப் பூட்டிக்கொள்கிறார். பிள்ளைகள் பெட்டியை உடைக்கப் பார்க்கிறார்கள். மாடிப்படியில் உருட்டுகிறார்கள், படியில் இரண்டு உடைகிறது. டிராக்டர் டிப்பரிலிருந்து தள்ளுகிறார்கள். வாய்க்காலில் தள்ளினால் பெட்டி மிதந்துகொண்டு போகிறது, ஒரு ஆட்டுக்குட்டி வேறு அதில் ஏறிக்கொள்கிறது. கடைசியில் பெட்டி செய்தவளையே கூட்டிவந்து கழற்றச் சொல்கிறார்கள். ஜெயராணி வந்து ஏறி நின்று குதித்து, பிள்ளைகளை ஒரு பிடி பிடித்துவிட்டு, "இது ஜெயராணி பொட்டி, அடி விடாது" என்கிறாள். உள்ளேயிருந்து பெரியவர், "காப்பி கெடைக்குமா?" என்கிறார்.

அவ்வளவுதான், ஊர் பிடித்துக்கொண்டது. மஞ்சக்குப்பத்தில் ஆட்டோவின் பின்னால் 'அடி விடாது' என்று எழுதினார்கள். மாப்பிள்ளை எப்படி என்று கேட்டால் "ஜெயராணி பொட்டி மாதிரி" என்று பதில் வந்தது. பொங்கலுக்குப் பொங்கல் அன்பரசு அவளை ஒரு காட்சிக்குக் கூப்பிட்டான். யாராவது இருமினால் அளவுநாடாவோடு வாசலில் வந்து நிற்பாள், அதற்கே ஜனம் சிரித்தது. தைரியநாதனுக்குத் தலைகால் புரியவில்லை. பெட்டிக்கடியில் எழுதுகிற எழுத்தை இன்னும் பெரிதாக்கினான்.

ஜெயராணிக்கும் பெருமைதான், பொய் சொல்வானேன். ஆனால் அவள் பார்த்துக்கொண்டிருந்தது வேறு. டிவி ஊரின் வாயை மாற்றிவிட்டது, கையை மாற்றவில்லை. கல்லறைத் தோட்டத்து கேட்டில் நிற்கும்போது ஒவ்வொரு தடவையும் பார்ப்பாள். கைப்பிடியில் ஒரு கை, அடியில் ஒரு கை. தூக்குகிறவன் அவளைப் பார்த்ததும், "அக்கா, அடி விடாதுல்ல?" என்று சிரிப்பான், கையை மட்டும் எடுக்கமாட்டான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. சாவைத் தூக்கிப் போகிறவன் வேடிக்கையை நம்பிக் கையை எடுப்பானா. வினோதினியைக் கோயிலில் பார்ப்பாள். வினோதினி அவள் பக்கம் திரும்பவேமாட்டாள்.

போன வருஷம் மழைக்காலத்தில், ஒரு சாயங்காலம் அந்த வினோதினியே கடைக்கு வந்தாள். அவள் அப்பா இறந்துபோயிருந்தார். தைரியநாதன் ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். அவள் உட்காரவில்லை.

"எனக்கு இங்க வர இஷ்டமில்ல" என்றாள். "அப்பாதான் சொல்லிவெச்சுட்டுப் போயிருக்காரு. ஞாயித்துக்கெழம ஆனா உங்க நாடகத்தப் பாத்துக்கிட்டு உக்காந்துருவாரு. அம்மாவுக்கு நடந்தத மறந்துட்டியாப்பான்னு சண்ட போட்டிருக்கேன். அதுக்கு, அந்தம்மா அவ்ளோ கோவப்படுதுன்னா நெசமாத்தான் இருக்கும், என்ன அவுங்க பொட்டிலதான் வெக்கணும்பாரு."

ஜெயராணி வேம்புப் பலகையை இழுத்துப் போட்டாள்.

"ஏறி நின்னு பாக்குறது டிவிக்காகவா, இல்ல எப்பவுமே அப்பிடித்தானா?"

"எப்பவுமேதாம்மா. உங்கம்மா பொட்டியிலயும் நின்னேன்."

பெட்டி முடிகிற வரைக்கும் வினோதினி அங்கேயே நின்று பார்த்தாள். மூன்று சட்டம், வரிசையாக ஸ்குரூ. ஜெயராணி செருப்பைக் கழற்றப் போனபோது, "இருங்க" என்றாள். தன் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். துப்பட்டாவை இழுத்துக் கட்டிக்கொண்டு அப்பாவின் பெட்டிக்குள் ஏறினாள். சாட்டின் இன்னும் விரிக்கவில்லை, வெறும் பலகை. தலைமாட்டில் மெதுவாக ஒரு குதி. நடுவில் கொஞ்சம் பலமாக. கால்மாட்டில் அவள் குதித்த குதியில் கடையில் தொங்கிய கைப்பிடிகள் எல்லாம் ஆடின. பலகை முனகவில்லை. அங்கேயே நின்றுகொண்டு அழுதாள். ஜெயராணி கை கொடுத்து இறக்கிவிட்டாள்.

மறுநாள் தூறல். ஜெயராணி கல்லறைத் தோட்டத்து கேட்டில் குடையோடு நின்றாள். வேனிலிருந்து பெட்டியை இறக்கினார்கள். ஆறு பேர் கைப்பிடியைப் பிடித்தார்கள், பழக்கப்படி ஆறு கைகள் பெட்டிக்கு அடியில் போயின.

"கைய எடுங்க" என்றாள் வினோதினி.

ஆறு பேரும் புரியாமல் பார்த்தார்கள்.

"அடியிலேர்ந்து கைய எடுங்க. நான் ஏறி நின்னு பாத்த பொட்டி."

முதலில் முன்னால் நின்ற மச்சான் முறைக்காரன் எடுத்தான். பிறகு ஒவ்வொருவராக எடுத்தார்கள். கைப்பிடியை மட்டும் பிடித்துத் தூக்கி, ஈரத் தரையில் மெதுவாக நடந்தார்கள். பின்னால் வந்த கூட்டத்தில் ஒரு கிழவர், "பெரியவர் போயிட்டாரு" என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள். வினோதினி திரும்பிப் பார்த்தாள். அவளும் அழுதுகொண்டே சிரித்தாள்.

பெட்டி கேட்டைத் தாண்டியது. ஜெயராணி சிலுவை போட்டாள். வழக்கமாக உடனே திரும்பிவிடுகிறவள் அன்றைக்குக் குழி வரைக்கும் போகட்டும் என்று பார்த்துக்கொண்டு நின்றாள். வேனில் உட்கார்ந்திருந்த தைரியநாதன் ஹாரன் அடித்தான். மஞ்சக்குப்பத்தில் ஒருவர் தவறிவிட்டாராம், அளவெடுக்கக் கூப்பிடுகிறார்களாம். "வரேன் மாமா, இரு" என்று குடையை மடக்கிக்கொண்டு போனாள்.